இரண்டு கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பரீட்சை

மேசைமேல் பித்தளை பெல் இருந்தது. தலையில் தட்டினால் ஒரு தடவை மட்டும் ஒலிக்கும் ரகம். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது அதைத்தான் தட்டுவோம். ஒரு தட்டு தட்டினால் ஆரம்பம். மறுபடி தட்டினால், பாதி வார்த்தையில் இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

அன்றைக்குப் பரீட்சை பிள்ளைகளுக்கு இல்லை, இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை. உத்திரமேரூர் கடைத்தெருவில், கீழே உரக்கடை, மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். படிக்கட்டு வழியாக யூரியா வாசனையும் பூச்சிமருந்து நெடியும் ஏறி வந்துகொண்டே இருக்கும். ஸ்டெபிலைசர் 'கொய்ங்' என்று ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று அழுக்கு வெள்ளை, மற்றது நீலம். நடுவில் நாற்காலி போட்டு நூர்ஜகான் உட்கார்ந்திருந்தாள். அவள் என் கூட்டாளி, என் தோழி, அந்த இன்ஸ்டிட்யூட்டில் சரிபாதி. நான் அவளுக்குப் பின்னால் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டியிருந்தது ஸ்டாப் வாட்ச் வசதி உள்ள கைக்கடிகாரம். துபாயிலிருந்து வந்த அவளுடைய அண்ணன் அவளுக்குக் கொடுத்தது. "ஸ்பீடு டெஸ்ட் வெக்கறவ நீ, உனக்குதான் இது ஆவும்" என்று அவள் என் கையில் கட்டிவிட்டாள்.

"ரெடியா நூரு?"

"நான் எப்பவோ ரெடி. நீ வாட்ச்ச பாரு."

பெல்லைத் தட்டினேன்.

சந்தேகம் வந்த வழி

அந்தப் பெல் சத்தத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த வாராந்தரப் பத்தியில் டைப்ரைட்டிங் நாட்களைப் பற்றி எழுதப்போய், "உங்கள் பார்ட்னர் என்ன ஆனார், அவரைப் பற்றி ஏன் நழுவி நழுவிப் போகிறீர்கள்?" என்று அச்சிறுபாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நழுவியது உண்மைதான். இந்த வாரம் நழுவப் போவதில்லை.

நான் பிறவிச் சந்தேகக்காரி. பால்காரர் அளந்து ஊற்றினால் அளவையின் அடியைத் தடவிப் பார்ப்பேன். பஸ் கண்டக்டர் சிரித்துப் பேசினால் டிக்கெட்டை இரண்டு தடவை படிப்பேன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றபோது, ஏன் சரி என்கிறார்கள் என்று மணவறையில் உட்கார்ந்து யோசித்தவள் நான்.

இது எங்கள் ஊர் மானாம்பதியில் அப்பாவிடமிருந்து வந்தது. வேர்க்கடலை எடுக்க வியாபாரி வந்தால், அப்பா துண்டில் முடிந்து வைத்திருக்கும் தன் சொந்தப் படிக்கல்லை எடுப்பார். வியாபாரியின் கல்லை ஒரு தட்டிலும் தன் கல்லை மறு தட்டிலும் வைத்து, முள் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் கடலை தராசில் ஏறும். எல்லாருக்கும் ஒரே கல், அதுதான் அவருக்கு நியாயம். எனக்கும் அதுவேதான்.

டைப்ரைட்டிங் பரீட்சையும் அப்படித்தான். ஹாலில் அறுபது பேர் இருந்தாலும் எல்லார் மேசையிலும் ஒரே பாசேஜ் கவிழ்த்து வைத்திருக்கும். கலெக்டர் மகளுக்கும் களத்துமேட்டு மகளுக்கும் ஒரே பாசேஜ். எனக்குப் பிடித்த இடம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருந்தால் அது அந்தப் பரீட்சை ஹால்தான்.

நூர்ஜகானை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான். காஞ்சிபுரத்தில் தமிழ் ஹையர் பரீட்சை. எனக்குப் பக்கத்து மிஷின் அவளுக்கு. பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கும்போதே பாசேஜை முடித்துவிட்டு என் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசேஜ் முன்கூட்டியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக்காயில் பாதியை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"உன் ரிப்பன் காஞ்சி போச்சிடி. எழுத்து மங்கலா வுழுந்துச்சி. சூப்பர்வைசராண்ட சொல்லலாமா வேணாமான்னுதான் பாத்துக்கினே இருந்தேன்" என்றாள். "கை ஸ்பீடு என்னவுட உனக்குதான் ஜாஸ்தி. மிஷின்தான் சரியில்ல."

கொய்யாக்காயை வாங்கிக்கொண்டேன். உத்திரமேரூர் வருவதற்குள் இன்ஸ்டிட்யூட் வைப்பதாக முடிவாகிவிட்டது. அவள் அப்பா கடைத்தெருவில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். அவர் மூலமாக மாடி கிடைத்தது. மூன்று மிஷின் அவளுடையது, மூன்று என்னுடையது. அவளுக்குக் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் போன பிறகும், விடிகாலை பஸ் பிடித்து, முதல் பேட்ச் பிள்ளைகள் வருவதற்குள் வந்து மிஷின்களின் உறையைக் கழற்றிவிடுவாள். மழைக்காலத்திலும் தவறியதில்லை. ஏன் இவ்வளவு பாடுபட்டு வருகிறாள் என்றுகூட நான் ஒருமுறை சந்தேகப்பட்டதுண்டு.

நானூறும் எழுநூறும்

டைப்ரைட்டிங்குக்குப் பிள்ளைகள் வருவது குறைந்து, எல்லாரும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று கேட்க ஆரம்பித்த காலம் அது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். நான்கு பெட்டிகள் வாங்குவதாகத் திட்டம். எந்த ரகம் என்பதில்தான் வந்தது வினை.

காஞ்சிபுரத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுக்கிற தனசேகர் என்பவர், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் அழுக்கு வெள்ளை. "எழுநூறு மெகாஹெர்ட்ஸ்க்கா" என்றார். மெகாஹெர்ட்ஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. எழுநூறு தெரியும்.

அதே வாரம் நூர்ஜகானின் கொழுந்தன் சென்னையிலிருந்து நீலப் பெட்டியைக் கொண்டுவந்தான். அவன் அங்கே கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். இதன் மூளை, அதாவது சிப், வேறு ரகமாம். பத்திரிகை ஆபீஸ்களில், விளம்பரக் கம்பெனிகளில் எல்லாம் இதுதானாம். எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டேன்.

"நானூறு மேடம். ஆனா நம்பர பாக்காதீங்க."

நம்பரைப் பார்க்காதே என்று ஒரு விற்பனைக்காரன் சொன்னால் என்னைப் போன்றவள் வேறு எதைப் பார்ப்பாள்? அவனையே உற்றுப் பார்த்தேன். மாடியறையில் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. டீ வாங்கி வைத்தும் குடிக்கவில்லை. பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பெட்டியும் எனக்குப் பிடிபடவில்லை. திரையும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது. முதுகு வழியாக உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிந்தது. ஃப்ளாப்பி போடுவதற்கு வாயே இல்லை. மவுஸில் ஒரே ஒரு பட்டன். வெள்ளைப் பெட்டி மவுஸில் இரண்டு. இன்னொரு பட்டனைக் கழற்றிவிட்டார்களா என்று கேட்டேன். நூர்ஜகான் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சுருக்கெழுத்தும் சொல்லிக் கொடுத்தவள். சுருக்கெழுத்து எடுப்பவளின் பென்சில் சாதாரணமாக எழுதுபவளின் பென்சிலைவிட மெதுவாகத்தான் அசையும். ஆனால் ஒரு இழுப்பில் ஒரு வார்த்தையே விழுந்துவிடும். பென்சில் எத்தனை தடவை அசைந்தது என்று எண்ணி யாருக்கும் நான் மார்க் போட்டதில்லை. இரண்டு சிப்புக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இதுதான் என்பது பின்னால் புரிந்தது. மெகாஹெர்ட்ஸ் என்பது சிப் ஒரு நொடியில் எத்தனை தட்டு தட்டுகிறது என்ற கணக்கு மட்டும்தான். ஒரு தட்டுக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பது சிப்புக்குச் சிப்பு வேறு. எனக்கு அத்துப்படியான சங்கதிதான். ஆனாலும் அன்றைக்கு எழுநூறு, நானூறு என்ற இரண்டு எண்ணைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை.

கொழுந்தன் படியிறங்கிப் போனதும் நூர்ஜகானிடம் சொன்னேன்.

"உன் கொழுந்தன் விக்காத சரக்க நம்ம தலையில கட்டப் பாக்கறான்."

"அவன் கட்டப் பாக்கறான்னா நான் இன்னா பண்ணிக்கினு கீறேன்னு நெனக்கற?"

டைப்ரைட்டர் உறையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"வசந்தா, உன்னதான் கேக்கறேன். நானும் சேந்துக்கினு உன்ன ஏமாத்தறேன்றியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி. பரீட்ச வெய்யி. ரெண்டுத்தயும் பக்கத்துல வெச்சி ஒரே வேலைய குடு. இது தோத்துச்சின்னா இத தூக்கினு நான் போயிடறேன். அப்புறம் நானும் வரமாட்டேன். உன்ன ஏமாத்தறவளுக்கு இங்க இன்னா வேல?"

அது கோபத்தில் சொன்னதல்ல. அவளுக்குக் கோபம் வந்தால் கத்துவாள். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினாள். இருந்தாலும் பரீட்சை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரே பாசேஜ்

சனிக்கிழமை முழுக்கப் பாசேஜ் தயார் செய்தேன். எங்கள் மானாம்பதிப் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்றின் கல்யாணப் பத்திரிகை. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, அவர்களின் பிள்ளைகள், மருமக்கள் என்று 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' பட்டியலே இரண்டு பக்கம் வரும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் பந்தலில் பஞ்சாயத்து நடக்கும். மேலே மாலை மாற்றும் படம்.

டைப்பிங்கை முன்கூட்டியே முடித்து, வெள்ளைப் பெட்டியின் தமிழ் சாஃப்ட்வேரோடு சேர்த்து சிடியில் போட்டாயிற்று, ஏனென்றால் கை வேகம் கணக்கில் வரக்கூடாது. பெட்டியின் வேலை மட்டும்தான். பக்கத்தைத் திறக்க வேண்டும், எல்லாப் பெயர்களையும் வேறு எழுத்துக்கு மாற்ற வேண்டும், படத்தைச் சிறிதாக்கித் திருப்ப வேண்டும், பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். இரண்டிலும் நூர்ஜகானே கட்டளை கொடுப்பாள். நான் நேரம் பார்ப்பேன். தனசேகர் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், சாட்சியாக.

ஞாயிறு காலையில், பரீட்சைக்கு முன், நூர்ஜகான் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தாள்.

"இந்தப் பெட்டிக்குன்னு தமிழ் சாஃப்ட்வேர் தனியா கீது. கொழுந்தன் குடுத்தான். இதுல இத போட்டுக்கலாம். அதுல உன்னுத போட்டுக்கோ."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்றா? அப்பா துண்டிலிருந்து படிக்கல்லை எடுப்பது கண்முன் வந்தது.

"அதெல்லாம் ஆவாது. பரீட்சைன்னா ஒரே பாசேஜ். ரெண்டுலயும் ஒரே சிடிதான் ஓடணும்."

"உன் சிடி இதுல நேரா ஓடாதுடி. நடுவுல வேற ஒரு சாஃப்ட்வேர் போட்டாதான் ஓடும்."

"ஓடும் இல்ல? அப்ப போடு."

அவள் தனசேகரைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே உரக்கடை லாரியிலிருந்து மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு சிடியை எடுத்து நீலப் பெட்டிக்குள் தள்ளினாள்.

முதலில் வெள்ளைப் பெட்டி. பெல்லைத் தட்டினேன். பக்கம் திறந்தது, பெயர்கள் எழுத்து மாறின, மாலை மாற்றும் ஜோடி ஒரு சொடுக்கில் திரும்பியது. பிரிண்டர் பேப்பரை இழுக்கும் சத்தம் கேட்டதும் இரண்டாவது தடவை தட்டினேன். நாலு நிமிஷமும் சில்லறையும்.

அடுத்தது நீலம். பெல்.

முதலில் நீலப் பெட்டி என் வெள்ளைப் பெட்டி மாதிரியே ஒரு திரையைத் தனக்குள் வரைந்துகொண்டது. அந்தத் திரைக்குள்ளேதான் என் சிடி திறந்தது. திறந்தது என்று சொல்லக்கூடாது, ஊர்ந்தது. பெரியப்பா வந்தார். வெகுநேரம் கழித்துச் சித்தப்பா வந்தார். வாட்ச்சில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

நாலு நிமிஷம் தாண்டியபோது நூர்ஜகான் திரும்பாமலே பேசினாள்.

"வசந்தா, இது பெட்டியோட தப்பில்லடி. உன் சிடி அந்த சிப்போட பாஷை. இது பாஷை வேற. நடுவுல ஒர்த்தன் பெயர்த்து பெயர்த்து சொல்லிக்கினு கீறான். அதான் லேட்டாவுது."

"பேசாத நூரு. டைம் ஓடுது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. தோற்கப்போகிறவர்கள் எல்லாரும் கடைசி நேரத்தில் இப்படித்தான் ஒரு சாக்கைக் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். பரீட்சை ஹாலில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ரிப்பன் சரியில்லை, ரோலர் வழுக்குகிறது, எழுத்து சிக்குகிறது.

மாலை மாற்றும் ஜோடி அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. முதலில் மாப்பிள்ளையின் தலை, அப்புறம் கழுத்து. பிரிண்டர் கனைத்தபோது வாட்ச் பதினொரு நிமிஷத்தைத் தாண்டியிருந்தது.

பெல்லை இரண்டாவது தடவை தட்டினேன். தேவையைவிடப் பலமாகவே தட்டினேன்.

போர்வை

நூர்ஜகான் நீலப் பெட்டியை நிறுத்தினாள். ஒயரைச் சுருட்டினாள். குளிர்காலத்தில் விடிகாலை பஸ்ஸில் போர்த்திக்கொண்டு வரும் கட்டம் போட்ட போர்வை அலமாரியில் இருந்தது. அதை விரித்துப் பெட்டியை அதற்குள் வைத்து நாலு முனையையும் முடிந்தாள். தனசேகர் ஒரு கை பிடிக்க எழுந்தார். "வேணாங்க" என்றாள்.

படிக்கட்டில் பெட்டியை அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத் தடவி இறங்கினாள். நான் மேலேயே நின்றேன். இரு என்று கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

"நல்ல முடிவுக்கா" என்றார் தனசேகர். நான்கு வெள்ளைப் பெட்டிகளுக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. முதல் பேட்ச் பிள்ளைகள் வரும்போது மிஷின்களில் உறை அப்படியே இருந்தது. அவளுடைய மூன்று டைப்ரைட்டர்களுக்கும் ஆள் அனுப்பவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். துபாய் வாட்ச்சைக் கழற்றி பீரோவில் போட்டேன். ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு வார் அறுந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

வெள்ளைப் பெட்டிகள் நன்றாகத்தான் ஓடின. அதையும் சொல்லிவிட வேண்டும். பழகப் பழகத் தெரிந்தது இன்னொன்று. எந்தப் பெட்டியாக இருந்தாலும் எங்கள் வேலையில் நேரம் தின்றது பிரிண்டர்தான். பக்கம் தயாராகி நிற்கும். பிரிண்டர் இருமி, கனைத்து, பேப்பரைக் கடித்து, ஒன்றொன்றாகத் துப்பும். எழுநூறு எவ்வளவு அவசரப்பட்டாலும் கடைசியில் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். இந்தப் பிரிண்டருக்காகவா அத்தனை பெரிய பரீட்சை வைத்தேன் என்று சில நாள் தோன்றும். சட்டென்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

அதே வார்த்தை

ஐந்தாறு வருஷம் போயிருக்கும். பழைய பெட்டிகள் போய்ப் புதியவை வந்துவிட்டன. எழுநூறெல்லாம் சிறுபிள்ளைக் கணக்கு, இப்போது ஆயிரங்களில் பேசினார்கள். கொண்டுவந்து வைப்பவர் மட்டும் அதே தனசேகர்தான்.

ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணின் அண்ணன் சென்னை விளம்பரக் கம்பெனியில் வேலை. பத்திரிகையை அவனே டிசைன் செய்து சிடியாகக் கொடுத்துவிட்டான். எங்கள் பெட்டி எதிலும் அது திறக்கவில்லை. தனசேகரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "இது அந்த நீல ரகப் பெட்டில செஞ்சதுக்கா. நம்முதுல நேரா ஓடாது. ஒரு சாஃப்ட்வேர் கீது, போட்டுப் பாப்போம்" என்றார்.

போட்டார். எங்கள் பெட்டி தனக்குள் வேறு ஒரு திரையை வரைந்துகொண்டது. அதற்குள்ளே பத்திரிகை திறக்க ஆரம்பித்தது. நான் போய் டீ சொல்லிவிட்டு வந்தேன், அப்போதும் திறந்துகொண்டிருந்தது.

"இன்னாபா இவ்ளோ ஸ்லோ? புதுப் பெட்டின்னியே?"

"பெட்டி மேல தப்பில்லக்கா. அந்த சிப்பு பாஷை வேற, இது பாஷை வேற. நடுவுல ஒர்த்தன் பெயர்த்து சொல்லிக்கினு கீறான். லேட்டாதான் ஆவும்."

"ஓ, அப்படியா" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகளை எங்கே கேட்டோம் என்பது உறைத்தது. கையிலிருந்த டீ டம்ளரை வைக்க இடம் தேடி டைப்ரைட்டர் மேலேயே வைத்தேன். அது நூர்ஜகானின் டைப்ரைட்டர்.

"தனசேகர், அன்னைக்கு நூரு பெட்டிக்கும் இதேதான் ஆச்சா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாக்கா. அதோட சொந்த சிடிய போட்டிருந்தா நம்முத வுட முன்னாடியேகூட முடிச்சிருக்கும். படம் திருப்பற வேலையில அது கில்லாடி."

"ஏன் அப்பவே சொல்லல?"

"என் பெட்டிதானக்கா ஜெயிச்சிது. நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வியாபாரி தன் வியாபாரத்தைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. பால்காரர், கண்டக்டர், கட்டிய புருஷன் வரை ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவள், அன்றைக்கு அந்த அறையில் லாபம் கிடைக்கப்போகிற ஒரே ஆளை மட்டும் சந்தேகப்படாமல் சாட்சியாக உட்காரவைத்திருந்தேன். பெட்டி விற்பதில் லாபமே இல்லாமல் விடிகாலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவளைக் குற்றவாளியாக்கியிருந்தேன்.

ஒரே பாசேஜ் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேனே, அதுதான் அநியாயம். தமிழ் ஹையர் எழுத வந்தவளிடம் தெலுங்கில் பாசேஜைக் கொடுத்து, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு ஆளையும் உட்காரவைத்து, ஏன் லேட்டு என்று கேட்டிருக்கிறேன். எல்லார் மேசையிலும் ஒரே தாள் இருந்தது என்பதில் மட்டும் எனக்கு அத்தனை திருப்தி.

ஏனாத்தூர் ரோட்டுக் கடை

அந்த சிடியை எடுத்துக்கொண்டு மறுநாள் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். ஏனாத்தூர் போகிற ரோட்டில், காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸில் வழிநெடுக என் புத்தி தன் வேலையைக் காட்டியது. கல்லாவில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வாளோ? பத்துப் பேர் முன்னால் வைத்துக் கேட்பாளோ? சிரித்து வரவேற்றால் அதற்கு என்ன அர்த்தம்?

கடை சின்னது. பைண்டிங் பசை வாசனை. ரோஸ் அட்டை போட்ட ப்ராஜெக்ட்டுகள் மேசைமேல் அடுக்கியிருந்தன. மூலையில் அந்த நீலப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு விரிசல், அதன்மேல் பிளாஸ்டர். கீழே மெத்தை மாதிரி மடித்துப் போட்டிருந்தது அந்தக் கட்டம் போட்ட போர்வை.

நூர்ஜகான் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், முன்பைவிடச் சதை போட்டிருந்தாள். நான் யாரோ வாடிக்கைக்காரி மாதிரி சிடியை நீட்டினேன்.

"இது எங்களுதுல தொறக்கல."

வாங்கினாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சிடியைப் பெட்டிக்குள் தள்ளினாள். எனக்கு ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்திப் போட்டாள். நான் உட்காருவதற்குள் பத்திரிகை முழுசாகத் திறந்துவிட்டது. பெயர்கள், படம், ஓரத்துப் பூ வேலை எல்லாமும்.

என் இடது கை பழக்க தோஷத்தில் தானாகத் திரும்பியது. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"எத்தினி காப்பி?" என்றாள்.

"முன்னூறு." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வாயில் வந்ததோ அப்போதும் குற்றம் சாட்டுகிற மாதிரியே வந்தது.

"ஏன்டி நூரு, அன்னைக்கே ஒரு வார்த்த எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் பிரிண்டரில் பேப்பரை வைத்துத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"சொன்னேன்டி" என்றாள். "நீதான் வாட்ச்ச பாத்துக்கினு இருந்த."